உடம்பு ஒத்துக்காது

ஜூன் 3, திங்கள்

மோட்டார் மறுபடி போச்சு. மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே மோட்டார். அதனால் மாடி வீட்டுப் பகவதியக்காவும் நானும் விடிந்ததும் விடியாததுமாகத் தெருக்குழாயில் குடத்தோடு நின்றோம். அக்கா பாளையங்கோட்டையின் பாதிச் செய்திகளை அங்கேயே சொல்லி முடித்துவிட்டாள். மீதியைச் சாயங்காலம் சொல்வாள். இவருக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. விசில் எங்கே என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பி.டி. மாஸ்டருக்கு விசில் காணாமல் போனால் வீட்டில் இழவு விழுந்த மாதிரிதான்.

என் வேலையை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "நர்ஸா?" என்கிறார்கள். இல்லை. "அப்ப டாக்டரா?" அதுவும் இல்லை. சிறுநீரகம் கொடுக்கிறவரையும் வாங்குகிறவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுகிற சமூகப் பணியாளர். கொடுக்கிறவர் மனசோடு கொடுக்கிறாரா, யாராவது கையை முறுக்கிக் கொடுக்க வைக்கிறார்களா என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு. சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெயரை இந்த நோட்டில்கூட மாற்றித்தான் எழுதுவேன். ஒரு நாள் இது எங்கேயாவது தொலைந்தால் யார் கையில் கிடைக்குமோ. அக்கம்பக்கத்தாருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

இன்று புதிதாக ஒரு குடும்பம். நயினார் என்று வைத்துக்கொள்கிறேன். இருபத்தொன்பது வயசு, வெல்டிங் வேலை, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அப்பா இல்லை. அம்மா சொர்ணத்தம்மாள் தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லி வந்தாள். சர்க்கரை இருப்பதால் டாக்டர் முடியாது என்றுவிட்டார். மிச்சம் இருப்பது தங்கச்சி கோமு ஒருத்திதான்.

"எம்மவ குடுப்பா தாயி. அதெல்லாம் கேக்கவே வேண்டாம். ஒரு வயித்துல பொறந்ததுவல்லா" என்றாள் சொர்ணத்தம்மாள்.

கேட்கவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கேட்க வேண்டும்போல் இருக்கும்.

ஜூன் 6, வியாழன்

கோமுவைத் தனியாக வைத்துப் பேசினேன். தனியாக வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மாக்காரி கூடவே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சட்டம்மா, நான் என்ன செய்ய" என்று கெஞ்சி வெளியே அனுப்பினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருபத்துநாலு வயசுப் பெண். நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேட்டதற்கெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் மாதிரி பதில் வந்தது. முழு மனசா குடுக்கேன். யாரும் வற்புறுத்தல. ஆபத்து தெரியும். எல்லாம் சரியான பதில்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆபரேஷன் அன்னைக்கு உன் பக்கத்துல யாரு இருப்பா?" என்று கேட்டேன்.

"அம்மா... அம்மா அண்ணன்கிட்ட இருப்பா."

"அப்ப உன்கிட்ட?"

கைக்குட்டையை எடுத்துப் பிழிந்தாள். பிறகு கொட்டிவிட்டாள். அவளுடைய அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவர். சாதாரண ஆபரேஷன்தான் என்றார்களாம். நடந்தே உள்ளே போனாராம், வாசலில் திரும்பிக் கை காட்டிவிட்டு. திரும்பி வரவில்லை. அப்போது இவளுக்குப் பதினாலு வயசு.

"எனக்கு அந்தக் கதவப் பாத்தாலே மூச்சு முட்டுது மேடம். குடுக்கணும்னு நெனைக்கேன். முடியல. அண்ணன்னா எனக்கு உசிருதான். ஆனா முடியல. நான் ரொம்பக் கெட்டவளோ?"

"இல்ல. பயந்தவ. அது வேற."

இன்னொன்றும் சொன்னாள். சேரன்மகாதேவியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பையனோடு போனில் பேசியிருக்கிறாள். சொல்லும்போது அழுகைக்கு நடுவிலும் முகத்தில் ஒரு வெளிச்சம். முதலில் ஆபரேஷன், பிறகுதான் கல்யாணம் என்று அம்மா முடிவு பண்ணிவிட்டாளாம்.

"அம்மாகிட்ட சொல்லிராதிய. அண்ணன்கிட்டயும். காலுல விழுதேன்."

பெரிய டாக்டரைத் தவிர யார்கிட்டயும் சொல்லமாட்டேன் என்றேன். தானம் கொடுக்க வந்தவர் எந்த நேரமும் மனசு மாறலாம், காரணம் வெளியே வர வேண்டியதில்லை. அவளுக்கு இதை நிதானமாகச் சொன்னபோதுதான் கைக்குட்டையைப் பிழிவதை நிறுத்தினாள்.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் இது போல எவ்வளவோ பார்த்தவர். "ஆஸ்பத்திரிக் குழு ஏத்துக்கலன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாத" என்றார்.

ராத்திரிக்குக் கோதுமை தோசை. இவர் "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார். ஒண்ணுமில்லை என்றேன். கல்யாணமான நாளிலிருந்து என் ஆபீசில் ஒன்றுமே நடப்பதில்லை என்று கேலி செய்கிறார்.

ஜூன் 7, வெள்ளி

சொல்லியாயிற்று. சொர்ணத்தம்மாள் காரிடாரில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மகளைப் பார்த்து முறைத்த முறைப்பு சகிக்கவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மோட்டார் வைண்டிங் கட்டப் போயிருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

நயினாரோடு நான் பேச வேண்டியது பாக்கி இருந்தது. டயாலிசிஸ் கட்டிலிலேயே உட்கார்ந்து பேசினோம். ஒரு கையில் ஊசி, அசைக்கக்கூடாது. மற்றக் கையால் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். வருத்தமாக இருப்பார் என்று ஆறுதல் வார்த்தைகளோடு போனேன்.

"உண்மையச் சொன்னா மேடம், குழு வேண்டாம்னு சொன்னப்ப எனக்குப் போன உசிரு வந்துச்சு" என்றார்.

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"எங்கப்பா போனப்ப அவ ஒரு வார்த்த பேசல, பாத்துக்கிடுங்க. ரொம்ப நாளைக்கு. நாந்தான் கூடவே கூட்டிட்டுத் திரிஞ்சேன். அவளக் கொண்டுபோய் அதே மாதிரி மேசையில படுக்கப் போட்டு, அவகிட்டருந்து அறுத்து எடுத்து நான் வாழணுமாக்கும்? நான் வாங்கமாட்டேன்னு சொல்லத்தான் இருந்தேன். அம்மா மொகத்தப் பாத்ததும் வாய் வரல."

இவன் வாங்கமாட்டேன் என்கிறான். அவள் கொடுக்க முடியாது என்கிறாள். ஒரே வீட்டில் ஒரே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டும் ஒன்றுக்கொன்று பயந்து கிடக்கின்றன. எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். யாருக்கும் சொல்லக்கூடாது.

"இத அம்மாகிட்ட சொல்லாதிய. நான் சாகத் துணிஞ்சிட்டேன்னு நெனச்சு அவ செத்துருவா. கோமுகிட்டயும் சொல்லாதிய, அழுவா."

சரி என்றேன். எழுந்திருக்கப் போனேன். "மேடம்" என்றார். குரல் மாறியிருந்தது.

"கோமுவுக்கு என்ன செய்யுது? உடம்பு ஒத்துக்காதுன்னு நீங்க சொன்னதா அம்மா சொல்லுதா. எனக்கு வந்த மாதிரி அவளுக்கும் வந்திருக்கா? மறைக்காம சொல்லுங்க."

ஆமாம். ஏழாம் தேதி எழுதிய அந்த "ஏதோ" இதுதான். காரிடாரில் அந்தப் பெண்ணை அம்மா முறைத்ததைப் பார்த்துவிட்டு, அவள்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று, "அவங்க உடம்புக்கு ஒத்துக்காதும்மா" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரே ஒரு வார்த்தை. நல்லது என்று நினைத்துச் சொன்னது.

"அவங்களப் பத்தி அவங்ககிட்டதான் கேக்கணும் நயினார்" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. நோய் ஒன்றும் இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. அப்படிச் சொன்னால் "பிறகு ஏன்?" என்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

கோவிலுக்குப் போய்வந்து உடை மாற்றவில்லை, பகவதியக்கா கிண்ணம் நிறையக் கூட்டாஞ்சோறு கொண்டுவந்தாள். முருங்கைக்கீரை போட்டு, வடகம் நொறுக்கி, மணக்க மணக்க. இவர் நின்றுகொண்டே தின்ன ஆரம்பித்துவிட்டார். சும்மா வரவில்லை என்று அக்கா உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

"சேரமாதேவியில எங்க சின்ன அண்ணன் மவனுக்கு ஒரு பொண்ணு பாத்திருக்காவ. பொண்ணோட அண்ணனுக்கு ஒங்க ஆஸ்பத்திரிலதான் வைத்தியமாம்."

வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஊரில் எத்தனை தெரு, எத்தனை மாடி வீடு. மாப்பிள்ளையின் அத்தை என் தலைக்கு மேலேதான் குடியிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணுக்கே உடம்புல ஏதோ கோளாறுன்னு பேச்சு வருது. தாய்க்காரியே தெருவெல்லாம் சொல்லி அழுதிருக்கா, உடம்பு ஒத்துக்கலையாம்னு. நமக்குள்ள என்ன ஜெமி, என்னன்னு சொல்லு. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா, நான் இப்பமே அண்ணனுக்குப் போன் போட்டுருவேன்."

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு யார் வாராங்க, யார் வரலங்கிறதே நான் சொல்லக்கூடாது."

"ஆமான்னு சொல்லாண்டாம். இல்லன்னு மட்டும் சொல்லேன்."

"எதுவும் சொல்லக்கூடாதுக்கா."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து, "புரிஞ்சிட்டு" என்றாள். "நீ சொல்லாததுலயே புரிஞ்சிட்டு."

ஐயோ! என்ன புரிந்தது என்று கேட்கவும் எனக்கு வழியில்லை. கல்யாண விசாரிப்பில் நல்லதாக இருந்தால் நாலு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்வார்கள். வாயை மூடினால் பெரிய வியாதி என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் சட்டப்படி, படித்தபடி, அச்சுப் பிசகாமல் வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 17, திங்கள்

அக்காவின் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமில்லை. எதைப் போட்டுக் கொடுக்க என்று தோன்றவில்லை. படியேறவும் கால் வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

"யோசிச்சுச் சொல்லுதோம்"னு சேரன்மகாதேவியிலிருந்து சொல்லிவிட்டார்களாம். அப்படியென்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

சொர்ணத்தம்மாள் டயாலிசிஸ் வாசலில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "பையனுக்கும் வழியில்ல, பொண்ணுக்கும் வழியில்ல. எம் பிள்ளைய ரெண்டையும் சாமி வாரிக்கிட்டுப் போகப்பாக்குதே." மகளைத் தினம் ஒரு ஸ்கேன் சென்டருக்கு இழுத்துப்போகிறாளாம். நேற்று ஒரு வைத்தியர் கஷாயம் கொடுத்தாராம். ஒரு நோயும் இல்லாத பெண் காலையும் மாலையும் கஷாயம் குடிக்கிறாள். நயினார் சரியாகச் சாப்பிடவில்லை என்று நர்ஸ் குறித்து வைத்திருக்கிறாள்.

நான் சாப்பிட்டேன். ரெண்டு தடவை. எனக்குக் கவலை வந்தால் பசி எடுக்கும்.

ஜூன் 22, சனி

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காரிடாரில் நான் சொன்னதையும் சொன்னேன்.

"ஒரு வார்த்த கூடப் பேசிட்ட" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"பொண்ணு ஆரோக்கியமா இருக்குன்னு ஒரு சர்டிஃபிகேட் குடுத்துட்டா சார்?"

"குடுக்கலாம். உடனே அம்மா என்ன கேப்பா?"

அப்ப ஏன் குடுக்கக்கூடாது என்று கேட்பாள். ஆரோக்கியம் என்றால் அண்ணனுக்குக் கொடுக்க மனசில்லாதவள். ஆரோக்கியமில்லை என்றால் யாரும் கட்டிக்கொள்ளாதவள். நடுவில் நிற்க இடமே இல்லாமல் நான்தான் அவளைத் தள்ளியிருக்கிறேன். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். "சொந்த உண்மையை அவங்கவங்கதான் சொல்ல முடியும், அதுக்கு வழி பண்ணு" என்றார்.

மோட்டார் வந்துவிட்டது. ஓடுகிறது.

ஜூன் 24, திங்கள்

கோமுவை வரச்சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். மழுப்பாமல், நான் என்ன சொன்னேன், அது எப்படிப் போய் எங்கே முட்டியது என்று சொன்னேன்.

கோபப்பட்டாள். பட வேண்டியதுதான். "ஒங்கள நம்பித்தான சொன்னேன்! அவிய போனே எடுக்கல. மூணு நாளாச்சு" என்றாள். கட்டிக்கொண்டவனைச் சொல்கிற மாதிரி 'அவிய' என்றாள்.

"உனக்கு நோய் எதுவும் இல்லன்னு அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். சொன்னா ஏன் குடுக்கலம்பா. நோய்க்காரின்னே சொல்லிட்டுப் போகட்டும். கூடப்பொறந்தவனச் சாகவிட்டவன்னு சொல்லக்கூடாது."

"அண்ணன்கிட்ட நீயே பேசிப் பாக்கலாமே."

"அவன் நொறுங்கிருவான் மேடம்."

அவன் நொறுங்கமாட்டான். அவன் துள்ளுவான். அதைச் சொல்லாமல் இருக்க நான் மேசைமேல் கிடந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தேன். "கூடப்பொறந்தவங்ககிட்ட மனசு விட்டுப் பேசச் சொல்லி நான் எல்லாருக்கும் சொல்லுவேன், உனக்கு மட்டும் இல்ல" என்றேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், என் முகத்தில் எதையாவது படித்துவிடுவாளோ என்று கீழே குனிந்துகொண்டேன்.

மத்தியானம் நயினாருக்குப் போன் போட்டு அதே வாக்கியத்தை அவரிடமும் சொன்னேன். "அவ அழுவா மேடம்" என்றார்.

அழட்டுமே!

ஜூன் 28, வெள்ளி

சொர்ணத்தம்மாளுக்குச் சர்க்கரை டாக்டரைப் பார்க்க வேண்டிய தவணை தள்ளிக்கொண்டே போயிருந்தது. இது பொய்யில்லை, சீட்டிலேயே இருக்கிறது. இன்றைக்கே வரச்சொல்லி எதிர் பில்டிங்குக்கு அனுப்பினேன். அங்கே எப்போதும் கூட்டம். "அண்ணன் பக்கத்துல யாராச்சும் இருக்கணுமே" என்று கோமுவைக் கட்டிலருகே உட்காரவைத்தேன். திரையை இழுத்துவிட்டு நர்ஸ் மேசையில் போய் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. சத்தியமாக.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அழுகைச் சத்தம். கெடுத்துவிட்டேனோ, எழுந்து போகலாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது நயினாரின் குரல், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி:

"ஏட்டி கோட்டிக்காரி! நானே வாங்கமாட்டேன்னுதான் இருந்தேன்!"

உடனே மெஷின் அலறியது. ஊசி போட்ட கையை மடக்கிவிட்டார் போலிருக்கிறது. நர்ஸ் ஓடினாள், திரையை விலக்கினாள். அண்ணனும் தங்கச்சியும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஒரே துண்டில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் இரண்டு பேரையும் வாங்கு வாங்கு என்று வாங்கினாள். பக்கத்துக் கட்டில் தாத்தா, "டி.வி.யில கூட இப்படி வராது" என்றார்.

என்னைக் கூப்பிட்டார் நயினார். "மேடம், ரெண்டு பேரு சொன்னதையும் கேட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஒக்காந்திருந்தியளாக்கும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது நயினார்."

"ஆமா, ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று கோமு சிரித்தாள். அந்தப் பெண் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பல் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அழகாக இருக்கிறது.

கழிப்பறைக்குப் போய் நானும் அழுதுவிட்டு முகம் கழுவினேன்.

ஜூலை 2, செவ்வாய்

கோமு இனியும் கஷாயம் குடிக்க வேண்டாம் என்று நயினாரே முந்திக்கொண்டாராம். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறார்: நான்தான் வாங்கமாட்டேன், இன்றைக்கும் மாட்டேன், என்றைக்கும் மாட்டேன். தங்கச்சியின் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரிடம் சொல்லிக்கொள்ளச் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. அதைச் சொன்னார். சொர்ணத்தம்மாள் மகன் முதுகில் ரெண்டு வைத்துவிட்டு, பிறகு மடியில் போட்டுக்கொண்டு அழுதாளாம்.

இன்று என்னிடம் நேரே வந்தாள். "இவன் வேண்டாம்னது நிசமா?"

நயினார் காலையிலேயே, அம்மா கேட்டால் சொல்லலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தார்.

"நிசம்தாம்மா."

எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னேன்!

"அப்ப எம்மவளுக்கு?"

இதற்கும் அனுமதி இருந்தது. ஒரே ஒரு வாக்கியத்துக்கு. கோமு எண்ணி எண்ணிக் கொடுத்தது. "அவங்களுக்கு எந்த நோயும் இல்லம்மா."

சொர்ணத்தம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பெறவு ஏன் தாயி அன்னைக்கு அப்பிடிச் சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்மா. மன்னிச்சிருங்க."

மூக்கைச் சிந்தினாள். "வாய் தவறாத ஆளு யாரு இருக்கா" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். நோயாளி வீட்டிலிருந்து எதுவும் வாங்கக்கூடாது என்பது விதி. டாக்டரிடம் காட்டினேன். அவர் கத்தியை எடுத்து நாலாக நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தார்.

நயினார் பெயரை இறந்தவர்கள் தானத்துக்கான வரிசையில் பதிந்தோம். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை செவ்வாயும் வெள்ளியும். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பிடுகிறார். இன்று உப்பில்லாத சோற்றைத் திட்டிக்கொண்டே முழுக்கத் தின்றார்.

ஜூலை 9, செவ்வாய்

நயினார் சொன்ன கதையை அப்படியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிச் சேரன்மகாதேவிக்குப் போயிருக்கிறார். கையில் டயாலிசிஸ் கட்டோடு. மாப்பிள்ளையின் அப்பா வெளியே வந்து, "என்ன தம்பி, இந்த உடம்போட" என்று பதறி உட்காரவைத்தாராம்.

"எந் தங்கச்சிக்கு ஒரு கோளாறும் கிடையாது. கோளாறெல்லாம் எனக்குத்தான். நான் அவகிட்ட வாங்கமாட்டேன்னேன். எங்கம்மா அத வேற மாதிரி வெளங்கிக்கிட்டா. நம்பிக்கை இல்லன்னா நீங்களே ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. இதச் சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாராம்.

"ஒக்காருடே" என்றாராம் பெரியவர். "இத மொதல்லயே சொன்னா நாங்க ஏன் மண்டையப் போட்டு உருட்டுதோம்?"

மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து அப்பா முன்னாலேயே, "நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல. எம் போனைத்தான் வீட்டுல வாங்கி வச்சிட்டாவ" என்றானாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, காபி வாங்கிக் கொடுக்கப் பார்த்தானாம். நயினாருக்குத் தண்ணீர் அளவு உண்டு, குடிக்கக்கூடாது. "குடிச்சிட்டேன் மேடம். அரை கிளாஸ். இன்னைக்கு எடை கூடியிருந்தா அதுதான் காரணம்" என்றார்.

எடை கூடித்தான் இருந்தது. நர்ஸிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, சனி

சாரல் ஆரம்பித்ததிலிருந்து இவர் கேட்டுக்கொண்டிருந்த குற்றாலம். போனோம். ஐந்தருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், காது அடைத்துப்போகிற வரைக்கும். "என்ன ஜெமி, ஆபீஸ்ல ஏதோ நடந்திருக்கும்போல?" என்றார் இவர். ஒண்ணுமில்லை என்றேன். "நல்லதா ஒண்ணுமில்லையா, கெட்டதா ஒண்ணுமில்லையா?" என்றார். நல்லதா ஒண்ணுமில்லை என்றேன். புரிந்துகொண்டு பஜ்ஜி வாங்கப் போனார்.

மங்குஸ்தான் வாங்கினேன். அக்காவின் கிண்ணம் நிறைய.

ஜூலை 14, ஞாயிறு

கிண்ணத்தைக் கொடுத்தேன். "இப்பமாவது வந்துச்சே" என்றாள் பகவதியக்கா. வேறு பேச்சில்லை. உட்காரச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று ஒரே கல்யாணத்துக்கு எனக்கு இரண்டு பத்திரிகை. காலையில் ஆஸ்பத்திரியில் கோமு கொடுத்தாள். "கண்டிப்பா வரணும். ஆனா ஆஸ்பத்திரி மேடம்னு யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சரியா?" என்றாள். கேட்டுச் செய்கிறாள். கற்றுக்கொண்டுவிட்டாள். நயினார் பின்னால் நின்று, ஆவணி கடைசி முகூர்த்தம் வெள்ளிக்கிழமை விழுகிறது, டயாலிசிஸை முந்தின நாளைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றிக் கொடுத்தோம்.

சாயங்காலம் பகவதியக்கா படியிறங்கி வந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை, மேலே குங்குமம், தட்டில் வெற்றிலை பாக்கு. நான் புதிதாகப் பார்ப்பதுபோல் பெண்ணின் பெயரைப் படித்தேன். ஊர் எது என்று கேட்டேன். அக்கா என் நடிப்பைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. இவர் கடைக்குப் போயிருந்தார். கதவைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஒம்மேல எனக்குக் கொள்ளக் கோவம். அடுப்பு வேக்காட்டுல நின்னு கூட்டாஞ்சோறு ஆக்கிக் கொண்டாந்து கேக்கேன், வாயத் தொறக்கலையே பாவின்னு. நானே ஒண்ண நெனச்சுக்கிட்டு அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். அது என் தப்பு, ஒந் தப்பு இல்ல."

"விடுங்கக்கா. அதான் எல்லாம் நல்லா முடிஞ்சிட்டே."

"அதுக்குப் பெறவு ஒண்ணு யோசிச்சேன். கூட்டாஞ்சோத்துக்கே அசையாதவ வேற எதுக்கு அசையப்போறா." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். தெருக்குழாயில் பாளையங்கோட்டை முழுவதையும் சொல்கிற வாய் தடுமாறியது. "எனக்கு ஒருத்தர்கிட்ட ஒரு விசயம் சொல்லணும் ஜெமி. இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லல."

ஆஸ்பத்திரியில் வேறு ஒரு நல்ல ஆள் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரியான நான் வேண்டாமே என்று முறைப்படி சொல்லிப்பார்த்தேன். "அவங்களுக்கு நான் என்னத்த ஆக்கிக் குடுத்துச் சோதிக்க? நீயே போதும்" என்றாள். ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

இவர் கடையிலிருந்து வந்து, அழுத கண்ணோடு படியேறும் அக்காவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, அப்படித்தான?" என்றார். அப்படித்தான் என்றேன்.

அக்கா என்ன சொன்னாள் என்பது இந்த நோட்டில் வராது. ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து அவளுடைய சொந்தப் பெயரை இதில் அப்படியே எழுதித் தள்ளியிருக்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வோர் இடமாகத் தேடி அடித்து, பகவதியக்கா என்று மாற்றினேன்.